ஒடித்தால் வரும் சத்தம்

தேனி மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு நேர்ச்சாலை கொஞ்ச தூரம்தான். போடியைத் தாண்டினால் போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குத் திரும்பினால் 18. கம்பத்திலிருந்து ஒரு சாலை கம்பம்மெட்டுக்கு ஏறுகிறது. கூடலூர், லோயர் கேம்ப் வழியாக இன்னொன்று குமுளிக்கு ஏறுகிறது. மதுரைக்குப் போவதென்றாலும் ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஓடும் காரில் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும் கோளாறு, இங்கே ஒரு முறை மலை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

அதனால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் பட்டறை வைத்திருப்பவனிடம் ஒரே முறையீடு திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, முன்பக்கம் வேலை பார்த்தேன். நேராப் போனா ஒண்ணுமில்ல. ஒடிச்சா சத்தம் வருது, ஸ்டீயரிங் உதறுது." காசு கொடுத்து வேலை பார்த்த பிறகு வரும் சத்தம் வண்டிக்காரரை இரண்டு மடங்கு கலங்கடிக்கிறது. செலவழித்த பணம் வீணோ என்ற கவலை ஒன்று. இதை நம்பி மலை ஏறலாமா என்ற பயம் இன்னொன்று.

இத்தனை வருடத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது இது. வேலைக்குப் பிறகு புதிதாக வந்த சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வேலையிலேயே இருக்கும். இல்லாவிட்டால், அந்த வேலைக்காகக் கழற்றி மாட்டிய ஏதாவது ஒரு நட்டில் இருக்கும். அங்கே தேடி முடிக்கும் வரை ஒரு புதுப் பொருளும் வாங்கக் கூடாது.

நான் 1980களின் கடைசியில் கம்பத்தில் தொழில் பழகினேன். அப்போது பட்டறையில் நின்றவை ஜீப்பும் அம்பாசிடரும். இரண்டையும் தள்ளுவது பின்சக்கரம். அம்பாசிடரின் முன்சக்கரத்துக்கு உருள்வதும் திரும்புவதும் மட்டுமே வேலை. கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் கன் வைத்து அடித்துவிட்டால் பாதி சத்தம் அடங்கும். என் மேஸ்திரி பானட்டைத் திறக்கும் முன் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுவார். வண்டிக்குச் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். "அவன் எப்படி ஓட்டும்போது சத்தம் வருதோ, அப்படி ஓட்டட்டும். நீ ஓட்டுனா உன் சத்தம்தான் வரும்" என்பார். இன்றும் என் பட்டறையில் முதல் ஓட்டம் வண்டிக்காரருடையதுதான்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மெல்ல மெல்ல இந்த ஊர்களுக்கும் வந்து சேர்ந்தபோது, எங்கள் காதுகள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. திருப்ப வேண்டிய சக்கரமே இழுக்கவும் வேண்டும் என்ற ஏற்பாடு அது. அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்தது ஜீப்பின் ஷாஃப்டில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட். அந்த ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றினால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கொஞ்சம் வளைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும் கோணத்தில் அது கையையே உதறும். இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ரெஸெப்பா என்ற பொறியாளர் 1920களில் தீர்வு கண்டார். ஆறு எஃகு உருண்டைகள் வளைந்த பள்ளங்களில் உருள, எந்தக் கோணத்திலும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும் ஜாயின்ட் அது. 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி கார் அந்த வகை ஜாயின்டைக் குறைந்த விலை வண்டிகளின் உலகத்துக்குக் கொண்டுவந்தது. 1998இல் இண்டிகா வந்தபோது நம் டாக்சி ஸ்டாண்டுகளும் முன்சக்கர இழுவைக்கு மாறத் தொடங்கின. இன்று ஓடும் ஆல்டோ, ஸ்விஃப்ட், எட்டியோஸ் எல்லாவற்றிலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது இந்த உருண்டை ஜாயின்ட். கியர்பாக்ஸ் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு வகை இருக்கும். மூன்று உருளைகள் உள்ளும் வெளியும் நகர்ந்து, சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்டின் நீளத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொண்டால் சத்தத்தைப் பிரிப்பது எளிது. வண்டிக்காரரிடம் நான் கேட்பவை மூன்று. வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை மட்டும் ஒடித்தால் வருகிறதா? வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் நிற்கிறதா?

முதல் கேள்விக்கு ஆம் என்றால், சுற்றும் பொருளில் தேட வேண்டும். சின்னக் கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்மில் ஓடினால் விநாடிக்கு 50 முறை. கையில் தட்டும் உதறலை எண்ண முடிகிற மாதிரி இருந்தால் அது சக்கரத்தைச் சேர்ந்தது. கை மரத்துப்போகிற மாதிரி நடுங்கினால் இன்ஜினையும் அதன் மவுண்டுகளையும் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் ஆக்சிலையும் வீல் பேரிங்கையும் விட்டுவிடலாம். ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்ப்ரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் ராக் என்று தேடும் இடம் சுருங்கிவிடும். மூன்றாவதுக்கு ஆம் என்றால் இழுக்கும் பாதையில், அதாவது ஷாஃப்ட், ஜாயின்ட், மவுண்டுகளில் குறை இருக்கிறது.

உத்தமபாளையத்து டாக்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. சாலை நடுவிலிருந்த சிமென்ட் கட்டையில் இடது முன்சக்கரம் ஏறி, லோயர் ஆர்மும் ஸ்ட்ரட்டும் வளைந்து, இன்னொரு ஊரில் எல்லாம் மாற்றி வந்திருந்தார் அதன் டிரைவர். முதல் நாளே ஒடித்தால் "டக்". ரிவர்ஸ் போட்டு எடுத்தால் இன்னொரு "டக்". இரண்டு பக்கமும் ஆக்சில் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த டிரைவருக்கு அது ஒரு சீசன் வருமானம். நான் காலி மைதானத்தில் முழுதாக ஒடித்து, முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம் ஓட்டச் சொன்னேன். ஜாயின்டின் பள்ளம் தேய்ந்திருந்தால் வட்டம் முழுக்கச் சக்கரம் சுற்றும் தாளத்தில் கடகடவென்று வரும். இதில் புறப்படும்போது ஒன்று, திசை மாறும்போது ஒன்று என்றுதான் வந்தது. ரப்பர் பூட் இரண்டும் முழுசாக இருந்தன, கிரீஸ் சிதறவில்லை. வீல் கப்பைக் கழற்றினால், ஆக்சில் நட்டு இறுக்கம் இல்லாமல் இருந்தது. பழைய நட்டையே திரும்பப் போட்டு, காலால் மிதித்த மட்டுக்கு முறுக்கி, அதன் விளிம்பை ஷாஃப்டின் காடியில் தட்டி உட்காரவைக்காமல் விட்டிருந்தார்கள். ஷாஃப்டின் பல்லும் ஹப்பின் பல்லும் இடித்துக்கொண்டதுதான் சத்தம். நல்ல வேளையாகப் பேரிங் கெடவில்லை. புது நட்டு, டார்க் ரெஞ்ச், கம்பெனி சொன்ன இறுக்கம். அதோடு சத்தம் போனது.

பல கார்களில் அந்த நட்டுதான் வீல் பேரிங்கையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அது தளர்ந்த நிலையில் வண்டியை நாலடி உருட்டினாலும் பேரிங்குக்குக் கேடு. பட்டறைக்குள் இடம் மாற்றத்தானே என்று தள்ளும் பையன்களிடம் நான் கடுமையாகச் சொல்வது இதைத்தான்.

பேரிங் சத்தம் வேறு மாதிரி. அது முனகலாகத் தொடங்கி, வேகத்தோடு ஊளையாக உயரும். டயர் சத்தம் என்று பலரும் நினைத்துக்கொள்வார்கள். அதைப் பிரிக்க வளைவுதான் உதவுகிறது. வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் கூடினால் இடது பேரிங், இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பேரிங். சின்னமனூரிலிருந்து வந்த ஒரு திராட்சை வியாபாரியின் காரில் இடது பேரிங் புதிதாகப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுசு கெடாது என்ற நம்பிக்கையில் வலது பக்கத்தையும், பிறகு டயர்களையும் மாற்றிவிட்டு வந்திருந்தார். ஓட்டிப் பார்த்தால், வலது வளைவில்தான் ஊளை. கழற்றிப் பார்த்தபோது அந்தப் புதுப் பேரிங்கின் ஓடுபாதையில் உருண்டைகள் பதிந்த தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. சுத்தியலால் அடித்து ஏற்றிய அடையாளம் அது. பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். வெளிவளையம் நக்கிளுக்குள் போகும்போது வெளிவளையத்தையும், ஹப் உள்வளையத்துக்குள் போகும்போது உள்வளையத்தையும் தாங்கி அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் மொத்த விசையும் உருண்டைகள் வழியாகப் போய் ஓடுபாதையைக் குழிக்கும். பிறகு சில நூறு கிலோமீட்டரில் ஊளை தொடங்கிவிடும். பிரஸ் இல்லாத பட்டறை, நக்கிளைக் கழற்றி லேத்துக்குக் கொடுத்தனுப்புவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

நின்ற இடத்தில் ஒடிக்கும்போது வரும் "டொய்ங்" என்ற சத்தத்தில் வண்டிக்காரர்கள் ரொம்பவே பயந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரட் கழற்றி அப்சார்பர் மாற்றிய வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். பானட்டைத் திறந்து மேலே மவுண்டில் ஒரு கையும், சக்கரத்துக்கு மேல் ஸ்ப்ரிங்கில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை மெதுவாக ஒடிக்கச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரிங் கூடவே சீராகத் திரும்பினால் நல்லது. முறுக்கிக்கொண்டு நின்று, சட்டென்று விடுபட்டுத் துள்ளினால் மேலே இருக்கும் மவுண்ட் பேரிங் சுற்றவில்லை. பழைய பேரிங்கை மண்ணோடு திரும்பப் போட்டிருப்பார்கள். அல்லது தலைகீழாக வைத்திருப்பார்கள். அல்லது ஸ்ப்ரிங்கின் வெட்டுமுனை அதற்கென்று உள்ள படியில் உட்காராமல் இருக்கும். கூடலூரில் ஒரு பள்ளி ஆசிரியரின் காரில் கடைசியாகச் சொன்னதுதான் குறை. ஸ்டீயரிங் ராக்கையே மாற்றத் தயாராக இருந்தவருக்கு, ஸ்ப்ரிங்கை அமுக்கிச் சரியாக உட்காரவைத்த கூலியோடு வேலை முடிந்தது.

என்னை அதிகம் அலையவைத்தது போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரின் வண்டி. சமவெளியில் பழுதே இல்லை. போடிமெட்டு ஏற்றத்தில், இரண்டாவது கியரில், வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முன்பக்கம் முழுக்க உதறும். காலை எடுத்தால் அடங்கும். உள்பக்க ஜாயின்டின் குணம் அது. ஜாயின்டைப் பிரித்துப் பார்த்தோம், உருளைகள் நன்றாகவே இருந்தன. அதற்கு முன் அந்த வண்டிக்கு என்ன வேலை நடந்தது என்று மறுபடியும் கேட்டேன். "ராக்குக்காக அடியில கிராஸ் மெம்பரை இறக்குனாங்கண்ணே" என்றார். அங்கேதான் விடை கிடைத்தது. கிராஸ் மெம்பரை இறக்கினால் இன்ஜின் மவுண்டையும் அவிழ்க்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது ஜாக்கி தாங்கிய நிலையிலேயே, இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தபடி மவுண்ட் போல்ட்டுகளை முறுக்கியிருந்தார்கள். ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றது. உள் ஜாயின்டின் கோணமும் கூடிவிட்டது. மூன்று மவுண்டுகளையும் தளர்த்தி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆடவிட்டு, அது தானாக உட்கார்ந்த இடத்தில் முறுக்கினோம். மறுநாள் அவரையே ஓட்டவைத்து, கேரள எல்லை வரை ஏறி இறங்கினோம். உதறல் இல்லை.

லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே விதிதான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்ம் கீழே சரிந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் வேலை செய்யும். வேகத்தடையில் கிறீச்சிடும், ஒடித்தால் முனகும், சீக்கிரமே கிழிந்தும் போகும். கையிறுக்கமாக மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் பாரம் விழுந்த பிறகே கடைசி முறுக்கு.

இந்த ஊர் ஜீப்புகளைச் சொல்லாமல் விட முடியாது. கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஊர் ஊராக விடியும் முன் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கிப் பக்கம் போகிற வண்டிகள் அவை. முன்பக்க வேலை முடித்துக் கொடுத்த ஒரு ஜீப், தார்ச்சாலையில் ஒடித்தால் கட்டிக்கொண்டு துள்ளுகிறது என்று வந்தது. கிராஸ் ஜாயின்டை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். ஃபோர் வீல் லிவர் போட்டபடியே இருந்தது, அவ்வளவுதான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போகின்றன. இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் ஷாஃப்டுகள் முறுக்கேறித் துள்ளும். லிவரை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். காசு வாங்கவில்லை.

சின்னக் காரணங்களும் உண்டு, அவற்றைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். வீல் நட்டு தளர்ந்திருக்கிறதா? ஹப் முகத்தில் துருவோ மண்ணோ ஒட்டியிருந்து டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா? டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வேலை பார்த்தபோது வளைந்து, திரும்பும்போது மட்டும் உரசுகிறதா? மலைச்சாலையில் ஒரு சின்னக் கல் அந்த இடுக்கில் மாட்டினாலே கேட்பவர் நெஞ்சு பதறும் அளவுக்குச் சத்தம் வரும். முழு ஒடிப்பில் டயர் உள்பக்க பிளாஸ்டிக் லைனரில் தேய்கிறதா? கிளிப் இரண்டு போடாமல் விட்டிருப்பார்கள். அதன் பிறகுதான் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறேன். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தட்டினால் டை ராட் எண்ட்.

டை ராடையும் பால் ஜாயின்டையும் சத்தத்துக்காக மட்டும் பார்ப்பது போதாது. டை ராட் விட்டுப்போனால் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. 2023 ஜூலையில் மாருதி சுசூகி நிறுவனமே, ஸ்டீயரிங் டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம் என்று 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. செய்த கம்பெனியே இவ்வளவு கவனம் எடுக்கும் உறுப்பை, பட்டறையில் கழற்றி மாட்டும் நாம் இன்னும் கவனமாகத் தொட வேண்டும். காசில் நட்டின் காடி ஸ்பிளிட் பின் துளைக்கு நேராக வரவில்லை என்றால் முன்னால் முறுக்கித்தான் நேராக்க வேண்டும், ஒருபோதும் பின்னால் தளர்த்தக் கூடாது. ஸ்ட்ரட்டின் அடிப்போல்ட்டையோ டை ராடையோ தொட்டிருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை அனுப்பக் கூடாது. அலைன்மென்ட் தவறிய டயர் கோணலாகத் தேய்ந்து, சில மாதங்களில் பேரிங் மாதிரியே ஊளையிடும். அப்போது அடுத்த மெக்கானிக் பேரிங்கைத் தேடி அலைவார்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகின்றன. நெரிசல் மிகுந்த நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். புறப்படும் முன் ஊரில் முன்பக்கம் அவசரமாக வேலை பார்த்துவிட்டு, கம்பத்துக்கு வந்து சேரும்போது சத்தத்தோடு நிற்கும் வண்டிகள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. அவர்களுக்கும், இதைப் படிக்கும் எல்லா வண்டிக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது. முன்பக்க வேலை முடிந்த வண்டியை நேராக மலைக்கு எடுக்காதீர்கள். முதலில் காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து வட்டம் போடுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்னென்ன அவிழ்த்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சத்தம் வந்தால், வேறு இடம் தேடும் முன் வேலை பார்த்தவரிடமே திரும்பக் கொண்டு போங்கள். எதைத் தொட்டார் என்று அவருக்குத்தான் தெரியும்.

தொழில் பழகும் தம்பிகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சத்தம் எந்தச் சக்கரத்தில், எந்த நிலையில், எதனால் என்று மூன்றையும் சொல்ல முடியாதவரை வண்டிக்காரரைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அவர் வாங்கும் ஒவ்வொரு தேவையில்லாத பொருளும் ஒரு வாரக் கூலி, ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம். என் பட்டறையில் முன்பக்கம் தொட்ட எந்த வண்டிக்கும் சொந்தக்காரர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மலை ஏறி இறங்கிய பிறகே பில் போடுகிறோம். அதற்கு ஒரு மணி நேரமும் கொஞ்சம் பெட்ரோலும் ஆகும். முன்சக்கரத்தை நம்பி ஒரு குடும்பமோ ஒரு ஜீப் நிறைய தொழிலாளிகளோ வளைவில் திரும்புகிற ஊரில், அந்தச் செலவை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.